மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? கொடி நிறத் தகராறுகள்: ஓர் எளிய விளக்கம்

கர்நாடகத்தின் மஞ்சள், சிவப்புக் கொடியில் நூறு அடித்துத் தரச் சொல்லி, ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ உள்ள ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கேட்டுப் பாருங்கள். “எந்த மஞ்சள் சார்? லெமன் எல்லோவா, கோல்டன் எல்லோவா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கேட்டவர் போனில் ஒரு படத்தை நீட்டுவார். கூட வந்தவர் தன் போனில் இன்னொரு படத்தைக் காட்டி, “அது டூப்ளிகேட்டு, இதான் கரெக்டு” என்பார். இரண்டு படத்திலும் மஞ்சள் வேறு. ஒரே படத்தை இரண்டு போனிலும் திறந்தாலும் வேறாகத்தான் தெரியும்.

இந்தப் பேச்சில் இரண்டு பேரும் ஒன்றைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: எங்கோ ஓர் அசல் நிறம் இருக்கிறது, மற்றதெல்லாம் பிழை என்று. பல வட்டாரக் கொடிகளுக்கு அப்படி ஒன்று வகுக்கப்படவே இல்லை. வகுக்கப்பட்ட கொடிகளிலும் அது ஓர் அளவாக இருக்கிறது. இன்ன வெளிச்சத்தில், இன்ன பொருளின் மேல் பார்த்தால் இன்ன எண் என்று. வெளிச்சத்தையும் பொருளையும் சொல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து வாதாடினால் அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது.

எம்.சி. ரோடும் மேட்சிங் பிளவுஸும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுத்தவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். கடைக்குள் புடவையின் மேல் துணியை வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தும். வெளியே வெயிலில் வந்து பார்த்தால் புடவை ஒரு பச்சை, பிளவுஸ் வேறொரு பச்சை. விவரமானவர்கள் பணம் கொடுக்கும் முன்பே துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிடுவார்கள்.

கடைக்காரர் இதில் ஏமாற்றவில்லை. துணிக்குள் நிறம் என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருப்பதில்லை. விளக்கிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியைச் சாயம் விழுங்கிவிடுகிறது, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதை நம் கண்ணில் உள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் வாங்கி, மூன்று கூட்டுத்தொகைகளாக மூளைக்கு அனுப்புகின்றன. கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் நிறமும் ஒன்றாகத் தெரியும். புடவையில் உள்ள சாயமும் பிளவுஸில் உள்ள சாயமும் வேறு வேறு ரசாயனங்கள். ஒளியை வேறு வேறு விதமாக விழுங்குபவை. டியூப்லைட்டின் கீழே தற்செயலாகக் கூட்டுத்தொகை ஒத்துப்போனது. வெயிலில் உள்ள ஒளியின் கலவை வேறு என்பதால் அங்கே ஒத்துப்போகவில்லை. ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் பிரிந்துபோகும் இந்தக் குணத்துக்கு மெட்டமெரிசம் என்று பெயர்.

ஆக, நிறம் என்பது சாயம், வெளிச்சம், கண் மூன்றும் சேர்ந்த விளைவு. கொடிக்கும் இதேதான்.

முதலில் சொல்தான் இருந்தது

பழைய கொடிகளின் விதிகள் நிறத்தைச் சொல்லால்தான் குறித்தன. ஐரோப்பிய மரபுச் சின்னக் கலையில் ஸ்காட்லாந்துக் கொடிக்கான வர்ணனை மிகச் சுருக்கமானது: அஸூர், அதன் மேல் வெள்ளியில் சாய்ந்த சிலுவை. அஸூர் என்றால் நீலம், அவ்வளவுதான். வெளிர்நீலமா கருநீலமா என்று அந்த மரபு கேட்பதே இல்லை. வரைபவர் கையில் உள்ள நீலம் எதுவோ அது சரி. வெள்ளியை வெள்ளைச் சாயத்திலேயே காட்டிவிடலாம். கத்தலோனியாவின் தன்னாட்சிச் சட்டமும் மஞ்சள் பரப்பில் நான்கு சிவப்புப் பட்டைகள் என்றுதான் கொடியை வர்ணிக்கிறது.

நம் தேசியக் கொடியும் இப்படித்தான் தொடங்கியது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தீர்மானத்தில் அடர் காவி, வெள்ளை, அடர் பச்சை என்ற சொற்கள்தான் உண்டு, எண் கிடையாது.

சொல்லால் குறித்த கொடியில் ‘தவறான ஷேடு’ என்பது கிட்டத்தட்ட சாத்தியமில்லை. நீலத்துக்குப் பதில் பச்சை போட்டால் தவறு. வானநீலம் போட்டவரும் கடல்நீலம் போட்டவரும் விதிக்கு உட்பட்டவர்களே. ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகளாக இரண்டும் பறந்தன.

பிறகு எண் வந்தது

ஆலைத் துணியும் மொத்தக் கொள்முதலும் வந்ததும் சொல் போதாமல் போனது. ஆயிரம் கொடிகளை நான்கு ஆலைகளில் நெய்யக் கொடுத்து, நான்கும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் அளவு வேண்டும். அளவு குறிப்பதில் இரண்டு வழிகள் பரவலாக உள்ளன.

ஒன்று மாதிரி அட்டை முறை. பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் நிறங்களுக்கு எண் கொடுத்து அச்சிட்ட அட்டைகளை விற்கிறது. “பான்டோன் 300” என்று சொன்னால் உலகத்தின் எந்த மூலையில் உள்ள அச்சகமும் அதே அட்டையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து இந்த வழியில் போனது. கொடியின் நீலத்தை நிலைப்படுத்தச் சொல்லி வந்த மனுவை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கல்வி, பண்பாடு, விளையாட்டுக் குழு ஆராய்ந்து, 2003இல் பான்டோன் 300ஐப் பரிந்துரைத்தது. பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் பொதுவாகப் பயன்படும் பான்டோன் 280ஐவிட இது தெளிவாக வெளிறிய நீலம். கவனிக்க வேண்டியது, இது பரிந்துரைதான். கருநீலத்தில் ஸ்காட்லாந்துக் கொடி பறக்கவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது. “2003க்குப் பிறகு மற்ற நீலமெல்லாம் சட்டவிரோதம்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று கருவியால் அளக்கும் முறை. இந்தியத் தேசியக் கொடிக்கு 1951இல் வந்த ஐ.எஸ். 1 என்ற தர ஆவணம் இந்த வகை. பிறகு 1964இலும் 1968இலும் அது திருத்தப்பட்டது. ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 1931இல் வகுத்த முறைப்படி, ஒரு நிறத்தை மூன்று எண்களால் குறிக்கலாம். முதல் இரண்டும் நிறத்தின் சாயலைச் சொல்லும், மூன்றாவது பிரகாசத்தைச் சொல்லும். காவிக்கு 0.538, 0.360, பிரகாசம் 21.5. பச்சைக்கு 0.288, 0.395, பிரகாசம் 8.9. எந்த வெளிச்சத்தில் அளக்க வேண்டும் என்பதும் கூடவே வரையறுக்கப்பட்டிருக்கிறது: சி என்று பெயரிட்ட செந்தர ஒளி, அதாவது சராசரிப் பகல் வெளிச்சம். வெளிச்சத்தையும் எழுதி வைத்ததுதான் இந்த முறையின் பலம்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி காட்சிக்கு இருக்கிறது. அதன் காவி இன்றைய காவியோடு பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் பதில் எளிது. அந்தக் கொடி தைக்கப்பட்டபோது ஐ.எஸ். 1 பிறக்கவே இல்லை. பின்னால் வந்த எண்ணை வைத்து முன்னால் பறந்த கொடிக்கு மதிப்பெண் போட முடியாது. பழைய புகைப்படத்தையோ பழைய கொடியையோ காட்டி “இதுதான் அசல்” என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஆண்டு.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: சில கொடிகளுக்குச் சொல் மட்டும் உண்டு. சிலவற்றுக்குப் பரிந்துரைத்த எண் உண்டு. சிலவற்றுக்குக் கட்டாயமான எண் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் ஷேடு பற்றிப் பேச ஆரம்பிக்கக் கூடாது.

கர்நாடகக் கொடியில் இரண்டு தகராறுகள்

கடையில் நிற்கும் மஞ்சளுக்குத் திரும்புவோம். மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்ற கொடி 1960களில் கன்னடச் செயற்பாட்டாளர் ம. ராமமூர்த்தி வடிவமைத்தது. மஞ்சள், குங்குமம் இரண்டின் அடையாளம் என்று சொல்வார்கள். மக்கள் வழக்கில் அது ஊன்றிவிட்டது. கர்நாடக மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவத்தில் தெருவெல்லாம் அதுதான். ஆனால் அது அரசு எண் கொடுத்து வகுத்த கொடி அல்ல. எனவே லெமன் எல்லோவும் கோல்டன் எல்லோவும் வழக்கத்துக்கு உட்பட்டவைதான். மஞ்சள் கிழங்கின் நினைவு வர வேண்டுமென்றால் கோல்டன் பக்கம் சாய்வது பொருத்தம் என்பது என் கருத்து. அது கருத்து மட்டுமே, விதி இல்லை.

2018 மார்ச் 8 அன்று அப்போதைய முதல்வர் சித்தராமையா வேறொரு கொடியை வெளியிட்டார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள், நடுவில் இருதலைப் பறவையான கண்டபேருண்டம் உள்ள மாநிலச் சின்னம். மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள், ஒப்புதல் கிடைக்கவில்லை. நடுவில் வெள்ளை எதற்கு என்று கன்னட அமைப்புகள் சில எதிர்த்தன. இந்தத் தகராறு எந்தெந்த நிறங்கள் வேண்டும் என்பதைப் பற்றியது. மஞ்சளின் ஷேடு பற்றிய தகராறு வேறு. முதலாவதை அரசியல்தான் தீர்க்க முடியும், எந்தக் கருவியும் உதவாது. இரண்டாவதை அளந்து தீர்க்கலாம். “சரியான நிறம்” என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. (தமிழ்நாட்டுக்குத் தனிக்கொடி என்று 1970இல் முதல்வர் கருணாநிதி முன்வைத்த யோசனை நிறைவேறியிருந்தால் நமக்கும் இரண்டும் இருந்திருக்கும்.)

எண் இருந்தும் சண்டை ஏன்?

பான்டோன் 300 என்று முடிவான பிறகும் ஸ்காட்லாந்து நீலம் இணையத்தில் ஒன்றாக இல்லை. திரைக்கான சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளாக ஓரிடத்தில் 0, 101, 189 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 0, 94, 184. இரண்டும் பான்டோன் 300ஐத் திரைக்கு மாற்றிய மதிப்புகள்தான். அட்டையில் உள்ள மையைத் திரை ஒளியாக மாற்றுவது ஒரு தோராயம். மாற்றும் அட்டவணை புதுப்பிக்கப்பட்டால் எண்ணும் மாறும்.

எண்ணின் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். பான்டோன் அட்டையில் சி என்றால் வழவழப்பான தாள், யு என்றால் பூச்சில்லாத தாள். இரண்டிலும் ஒரே மைதான், ஆனால் பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் நிறம் மங்கலாகத் தெரியும். துணிக்கு என்றே ஆறு இலக்க எண்களோடு தனி வரிசை இருக்கிறது. பருத்தி மாதிரிகளுக்கு டி.சி.எக்ஸ் என்ற குறி. தாள் அட்டையைப் பாலியஸ்டர் துணி பக்கத்தில் வைத்து “மேட்ச் ஆகலையே” என்றால் ஆகாதுதான்.

மஞ்சளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். போன் திரையில் 255, 255, 0 என்ற மஞ்சள் ஒளிர்கிறது, ஏனென்றால் திரை தானே ஒளி விடுகிறது. அச்சில் மஞ்சள் மை மட்டும் நூறு சதவீதம் வைத்தாலும் அந்த ஒளிர்வு வராது. அதை எட்டிப்பிடிக்கச் சிலர் ஃப்ளோரசென்ட் மஞ்சள் போட்டுவிடுகிறார்கள். முதல் நாள் அசத்தும். வெயிலில் மிகச் சீக்கிரம் வெளுப்பதும் அதுதான்.

துணியில் எங்கே தவறுகிறது

பருத்தியில் ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் பிக்மென்ட் (நிறமி) கலந்த பேஸ்ட் பயன்படுத்துவார்கள். ஒரு கிலோ பேஸ்டுக்கு 10 முதல் 50 கிராம் வரை பிக்மென்ட். இந்த அளவை டப்பா மூடியால் குத்துமதிப்பாகப் போடும் கடைகளில்தான் காலை லாட்டும் மாலை லாட்டும் வேறாக வரும். எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டு, எடையை எழுதி வைப்பதே பாதித் தீர்வு. மஞ்சளுக்குத் தனி ஸ்குவீஜி (பேஸ்டைத் திரையில் இழுக்கும் ரப்பர் பட்டை), தனிக் கரண்டி வேண்டும். ஒரு கிலோ மஞ்சளில் துளி சிவப்பு விழுந்தாலே ஆரஞ்சுப் பக்கம் போய்விடும். திரும்ப இழுக்க முடியாது. சிவப்பில் துளி மஞ்சள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் மஞ்சளை முதலில் அடித்து, பிறகு சிவப்பு.

ஈரத்தில் நிறம் பார்ப்பது அடுத்த தவறு. ஈரமான துணி எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். உலர்ந்து, ஏறக்குறைய 150 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் க்யூரிங் ஆகி, அதாவது சூட்டில் நிறம் துணியோடு பிடித்து, ஆறிய பிறகுதான் ஷேடை முடிவு செய்ய வேண்டும். க்யூரிங் குறைந்தால் அன்றைக்கு நிறம் சரியாகவே இருக்கும். முதல் மழையில் சிவப்பு மஞ்சள் பட்டைக்குள் இறங்கும்.

பாலியஸ்டரில் கதை வேறு. தாளில் அச்சிட்டு, சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறைதான் இன்று பெரும்பாலும். 200 டிகிரியை ஒட்டிய சூடு, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். சூடு குறைந்தால் வெளிறும். கூடினால் நிறம் பிசகும், நூலும் வெள்ளைத்தன்மையை இழக்கும். இன்னொரு குறை, ஒரு பக்கம் அச்சிட்டால் மறுபக்கம் வெளிறியே இருக்கும்.

மறுபக்கம் ஏன் முக்கியம்? கொடியை நாம் சுவரில் மாட்டிய படத்தைப் போலப் பார்ப்பதில்லை. கம்பத்தில் வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு பறக்கும்போது வெளிச்சம் துணியை ஊடுருவி நம்மிடம் வருகிறது. மெல்லிய பாலியஸ்டர் அப்போது பளிச்சென்று இளகித் தெரியும். கனமான கதர் இருண்டு தெரியும். மேஜையில் வைத்து ஒரே நிறம் என்று ஒப்புக்கொண்ட இரண்டு கொடிகள் கம்பத்தில் ஏறியதும் பிரிந்துபோவதற்குக் காரணம் இதுதான். 2021 டிசம்பரில் கொடிச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, தேசியக் கொடியில் பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்ட பிறகு இந்த வேறுபாட்டைத் தெருவிலேயே பார்க்கலாம்.

வெள்ளையிலும் ஷேடு உண்டு

கிழக்கிந்தியக் கம்பெனித் துணிகளை வெளுத்துக் கொடுத்த ஊர் வண்ணாரப்பேட்டை. அங்கே ஒரு பழைய துணி வியாபாரியிடம் வெள்ளையில் எத்தனை வகை என்று கேட்டால் எண்ணிக்கொண்டே போவார். வெளுக்காத பருத்தி மஞ்சள் பாரிக்கும். ஆலை வெள்ளையில் ஒளிர்வூட்டி என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். அதனால் வெயிலில் அந்த வெள்ளை நீலம் பூத்துத் தெரியும். புற ஊதா இல்லாத எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்த மினுக்கம் போய்விடும். ஸ்காட்லாந்துச் சிலுவையோ தேசியக் கொடியின் நடுப்பட்டையோ ஒளிர்வூட்டிய துணியில் இருந்தால், பக்கத்து நிறமும் வேறு மாதிரித் தோன்றும். “பச்சை தப்பா இருக்கு” என்று வரும் புகார்களில் சிலவற்றில் குற்றவாளி வெள்ளைதான்.

ஒப்பிடுவது எப்படி

கருவி உள்ளவர்கள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற நிறமானியால் அளக்கலாம். அடியில் உள்ள மேஜை தெரியாதபடி துணியை நான்காக மடிக்க வேண்டும். இல்லையென்றால் மேஜையின் நிறமும் சேர்ந்து பதிவாகும். நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கருவி ஒரே எண்ணாகக் காட்டும். அதற்கு டெல்டா ஈ என்று பெயர். 1ஐ ஒட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கே சந்தேகம்தான். 4, 5 என்று போனால் எதிர்வீட்டு மாடியிலிருந்தும் தெரியும்.

கருவி இல்லாதவர்களுக்கு வடக்கு பார்த்த ஜன்னல் போதும். காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள், நேர் வெயில் படாமல் பார்க்க வேண்டும். இரண்டு துணிகளையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி, நெசவு ஒரே திசையில் வரும்படி, சாம்பல் நிற அட்டையின் மேல் வைக்க வேண்டும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் சுவரின் நிறம் துணியில் ஏறும். சில நொடிகள் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும். மஞ்சளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அலுத்து, அடுத்துப் பார்க்கும் எதிலும் நீலச் சாயல் சேர்த்துக்கொள்ளும். பிறகு அதே ஜோடியை டியூப்லைட்டிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஜன்னலில் பொருந்தி விளக்கில் பிரிந்தால் மெட்டமெரிசம். சாயத்தை மாற்றினால்தான் தீரும், அளவைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை.

போனில் எடுத்த புகைப்படத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கேமரா வெளிச்சத்தைத் தானே ஊகித்து நிறத்தைத் திருத்திவிடுகிறது.

காசிமேட்டு வெயிலில் பறக்கும் கொடி

காசிமேடு, திருவொற்றியூர் கரையோரத்தில் கொடிக்கு இரண்டு எதிரிகள். காற்று பறக்கும் விளிம்பைக் கிழிக்கும், வெயில் சாயத்தை உடைக்கும். சாயம் வெயில் தாங்கும் திறனை நீலக் கம்பளி அளவுகோல் என்ற முறையில் 1 முதல் 8 வரை மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் தாங்கும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெளியில் பறக்கும் கொடிக்கு 6க்குக் குறையாமல் கேட்பது நல்லது. அடர் ஷேடுகள் வெளுத்தாலும் கொஞ்ச காலம் காட்டிக்கொடுக்காது, வெளிர் ஷேடுகள் உடனே காட்டிவிடும். மஞ்சளும் சிவப்பும் ஒரே வேகத்தில் வெளுப்பதும் இல்லை. அதனால் ஓராண்டு பறந்த கொடியில் இரண்டு நிறங்களுக்கும் உள்ள உறவே மாறிப்போயிருக்கும்.

வெளுத்த கொடியை ஆதாரமாக வைத்து ஷேடு கேட்டால், கயிறு கோக்கும் பக்கத்து மடிப்பின் தையலைப் பிரித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் முதல் நாள் சாயம் இருக்கும்.

புதிதாக அடிப்பவர்கள் ஆர்டர் தாளில் “மஞ்சள், சிவப்பு” என்று மட்டும் எழுதாமல், எண் இருந்தால் பின்னொட்டு எழுத்தோடு எண், துணியின் வகை, எந்த வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொண்டோம், எவ்வளவு வேறுபாடு வரை ஏற்போம் என்று எழுத வேண்டும். கன்னடக் கொடியைப் போல எண் இல்லாத கொடியென்றால் க்யூரிங் ஆன மாதிரித் துணி ஒன்றை ஒப்புக்கொண்டு, இரண்டாக வெட்டி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பாதியை வெளிச்சம் புகாத கவரில் வைத்துக்கொள்ளலாம். டெலிவரி அன்று அந்த இரண்டு பாதிகளும் ஜன்னலோரம் வந்தால் போதும், போன் வேண்டாம்.